அப்பா அம்மா தனியாக பெங்களூரில் விமானம் ஏறப் போகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கிருஷ்ணகிரியில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக விமானம் ஏறுகிறார்கள், பெங்களூரில் ஏறி துபாயில் மாறி சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வேண்டும், 15-ஆம் தேதி அதிகாலை நாலரை மணி விமானம், நீங்கள் அமெரிக்காவில் இருப்பதால் கூட வர முடியாது, எத்தனை மணி நேரம் முன்னால் போக வேண்டும், எந்த டெர்மினல்? கேட்டது என்னவோ நேரமும் டெர்மினலும்தான். ஆனால் கடைசியில் "அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கூட யாரும் இல்லாமல் இரண்டு பேரும் இத்தனை கவுன்டர்களைத் தாண்டிப் போய்விடுவார்களா? போய்விடுவார்கள். பெங்களூரில் செக்-இன் கவுன்டரில் பல வருஷம் நின்றவன் நான், இப்போது அல்சூர் பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கவுன்டரில் வந்து திண்டாடியவர்களில் மொழி தெரியாமல் திண்டாடியவர்கள் குறைவு. பெயரிலோ தேதியிலோ பெட்டியிலோ, வீட்டிலேயே பார்த்து முடித்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றைப் பார்க்காமல் வந்து திண்டாடியவர்கள்தான் அதிகம். அதனால் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் தேதி. 15-ஆம் தேதி அதிகாலை 4.30 என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது 14-ஆம் தேதி ராத்திரி. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். ஆனால் சிலர் பதினைந்தாம் தேதி ராத்திரி வேன் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வழியனுப்ப வந்து, சாமி கும்பிட்டு விபூதி வைத்துக்கொண்டு, பதினோரு மணிக்கே வந்து வாசலில் நிற்பார்கள். வாசல் காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார், அவர்களுக்கு ஏன் என்று புரியாது. "டிக்கெட்ல பதினஞ்சுன்னுதானே இருக்கு, இன்னைக்குப் பதினஞ்சுதானே" என்பார்கள். விமானம் அன்று விடியற்காலையிலேயே போயிருக்கும். படித்தவர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள்கூட இப்படி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நடு ராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புபவை என்பதால் இந்தக் குழப்பம் இங்கே சகஜம். வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும் இல்லையா, அதில் 14-ஆம் தேதித் தாளில் "ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட்" என்று அப்பா கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். 15-ஆம் தேதித் தாளில் எதுவும் எழுத வேண்டாம்.

நேரம். அமெரிக்கா போகிறவர்களுக்கு விமானம் கிளம்ப மூன்றரை மணி நேரம் முன்னால் டெர்மினல் வாசலில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன், முதல் தடவை என்பதால் நான்கு. அதாவது பன்னிரண்டரைக்கு வாசல். பெரும்பாலான நிறுவனங்களில் செக்-இன் கவுன்டர் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும், மூடினால் மூடினதுதான், அதன்பிறகு கெஞ்சினாலும் சிஸ்டம் விடாது. ஐந்து ஆறு மணி நேரம் முன்னதாகப் போவதிலும் பிரயோஜனம் இல்லை, கவுன்டரே திறந்திருக்காது, வயதானவர்கள் நாற்காலி தேடிக்கொண்டு பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ரிங் ரோடு, ஹெப்பாள் என்று நகரத்துக்குள் புகுந்து போனால் நூற்றி இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் சில்க் போர்டு கொஞ்சம் மூச்சு விடும், ஆனால் லாரிகள் நகரத்துக்குள் வர ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். அந்தப் பக்கத்து டிரைவர்கள் பலர் அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபுரா, ஹொசகோட்டே, தேவனஹள்ளி என்று ஊரைச் சுற்றிப் போவார்கள். சிக்னல் குறைவு, ஆனால் சில இடங்களில் விளக்கு இல்லாத சாலை. எது நல்லது என்பது அன்றைய மேப்பையும் டிரைவரையும் பொறுத்தது, வழக்கமாக ஏர்போர்ட் ஓட்டுகிறவர் என்றால் அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். எட்டரைக்குக் கிளம்பினால் நிம்மதி, ஒன்பது என்பது கடைசி. மழைக்காலம் என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெங்களூர் மாநகர பஸ் நிறுவனமான பி.எம்.டி.சி.யின் வாயு வஜ்ரா ஏ.சி. பஸ் மெஜஸ்டிக்கிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் ஏர்போர்ட்டுக்கு ஓடுகிறது, நல்ல வண்டி, பெட்டி வைக்க இடம் உண்டு. உங்களைப் போன்ற வயதுக்காரர்கள் தாராளமாகப் போகலாம். நாலு பெரிய பெட்டி, இரண்டு பெரியவர்கள், ராத்திரி நேரம் என்றால் வேண்டாம், கார்தான். அந்தப் பக்கம் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதை இப்போதைய கணக்கில் சேர்க்காதீர்கள்.

டெர்மினல் 2. இதில் சந்தேகமே இல்லை. 2023 செப்டம்பர் 12 முதல் பெங்களூரின் எல்லா வெளிநாட்டு விமானங்களும் அங்கிருந்துதான். ஆனால் டிரைவரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொன்னால் உள்நாட்டு விமானத்துக்கே ஆள் இறக்கிப் பழகியவர் டெர்மினல் 1-இல் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் இடையில் இலவச பஸ் ஓடுகிறது. இருந்தாலும் "டெர்மினல் இரண்டு, டிபார்ச்சர்" என்று காகிதத்தில் எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. வழியனுப்ப வருகிறவர்கள் கதவோடு நின்றுவிட வேண்டும், டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இருப்பவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். சித்தப்பா கூட வந்து கவுன்டர் வரை பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அது நடக்காது. வேண்டுமானால் பெற்றோர் இமிகிரேஷன் தாண்டிவிட்டோம் என்று போனில் சொல்லும்வரை அவர் வெளியே உட்கார்ந்திருக்கட்டும், இடம் இருக்கிறது. ஏதாவது ஒரு பெட்டியில் எடை கூடிப்போனால் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் பாருங்கள், அதற்காகவாவது.

இனி பெயர், நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' கட்டத்தில் மட்டும் பெயர் இருக்கும், 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா அடிக்கும்போது பெயரைத் தூக்கி சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, கிவன் நேம் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அதைப் பார்த்து விசா தப்பாக வந்துவிட்டது என்று பயந்து போன் செய்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தப்பில்லை, அதுதான் அவர்கள் வழக்கம். டிக்கெட்டில் என்ன போடுவது என்பது மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் எஃப்.என்.யூ. போடச் சொல்வார்கள். உங்கள் பெற்றோருக்கு இப்படி ஒற்றைப் பெயர் என்றால், நீங்கள் ஆன்லைனில் போட்ட டிக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, நிறுவனத்துக்கே போன் போட்டு இதுவே போதுமா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி அச்செடுத்துக் கொடுத்து அனுப்புங்கள். துபாய் விஷயத்தில் இன்னொன்று உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவர்கள் விசிட் விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் நுழைவதை 2022 நவம்பரில் கட்டுப்படுத்தினார்கள். உங்கள் பெற்றோர் துபாயில் வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுவதால் அது அவர்களைத் தொடாது. "வழியில் இரண்டு நாள் துபாய் பார்த்துவிட்டு வரட்டுமே" என்று பிறகு தோன்றினால் அப்போது இதை நினைவில் வையுங்கள்.

அம்மா பத்தாவது படிக்கவில்லை, பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது வெளிநாடு போகச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கிறது, நிறுத்திவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த மாட்டார்கள். அந்த முத்திரை வளைகுடா, மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க ஏற்பட்டது. மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறவரை அது ஒன்றும் செய்யாது.

பெட்டி விஷயத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெட்டியைத் திறந்து தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம் இல்லாத ராத்திரியே செக்-இன் ஹாலில் கிடையாது. அமெரிக்கா போகும் டிக்கெட்டில் பெட்டியின் எண்ணிக்கைதான் கணக்கு, பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ. டிக்கெட்டின் வகையைப் பொறுத்து இது மாறும் என்பதால் உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் 20, இன்னொன்றில் 26 என்று வைத்துவிட்டுக் கூட்டினால் சரிதானே என்று வாதாட முடியாது. கையில் பிடித்துத் தூக்கும் தராசு கடையில் கிடைக்கும், வாங்கி 22-லேயே நிறுத்தச் சொல்லுங்கள். வேட்டியில் மூட்டை கட்டுவது, உருண்டையான பை, கயிறு தொங்கும் சாக்கு இதெல்லாம் துபாய் வழியாகப் போகவே போகாது. ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பெட்டிகளை 2017 மார்ச்சிலிருந்து அந்த விமான நிலையம் ஏற்பதில்லை, தானியங்கி பெல்ட்டில் சிக்கிக்கொள்கிறது என்று காரணம்.

உள்ளே என்ன வைப்பது என்பதுதான் அம்மாக்களோடு சண்டை வரும் இடம். கொப்பரை வேண்டாம். எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று 2022-இல் செக்-இன் பெட்டியில் அதைத் தடை செய்துவிட்டார்கள். பூஜைக்கென்று கற்பூரமும் தீப்பெட்டியும் கட்டாயம் ஒரு ஓரத்தில் இருக்கும், தேடி எடுத்துவிடுங்கள், அது எந்தப் பையிலும் போகக் கூடாது. பவர் பேங்க் நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் இருந்தால் ஸ்கேனரில் தெரிந்து உங்கள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், முதல் தடவை போகிறவருக்கு அது பெரிய பதற்றம். சாதாரணமாகக் கிடைக்கும் 10,000, 20,000 எம்.ஏ.எச். அளவுகள் அனுமதிக்கப்பட்ட 100 வாட் மணி வரம்புக்குள்தான் வரும். விமானத்துக்குள் அதை வைத்து சார்ஜ் போடக் கூடாது என்று பல நிறுவனங்கள் இப்போது சொல்லிவிட்டன, அதனால் போனை முழுசாக சார்ஜ் செய்துகொண்டு ஏறட்டும். நெய், ஊறுகாய், எண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டியில், இரண்டு மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டு. இட்லிப் பொடி, பருப்புப் பொடியும் அதிலேயே. அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி வகை இருந்தால் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், என்னவென்று தெரியாவிட்டால் குப்பைத்தொட்டிக்குப் போகும். அம்மா இடித்த பொடிக்கு அந்தக் கதி வர வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் போகாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று தடை. அரிசியும் வேண்டாம், நம் ஊர் அரிசியில் வரும் கப்ரா வண்டுக்குப் பயந்து அதையும் தடுத்திருக்கிறார்கள். இட்லி அரிசி அங்கேயே கடையில் கிடைக்கும், உங்களுக்குத் தெரியாததா. தேங்காய் துருவியும் அரிவாள்மனையும் செக்-இன் பெட்டியில் தாராளமாகப் போகலாம், நிறைய பேர் கொண்டு போகிறார்கள், ஏன் என்று நான் கேட்டதில்லை.

மாத்திரைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் வைக்க விடாதீர்கள். பத்து நாளுக்கு வேண்டியதாவது கைப்பையில், அட்டையோடு, டாக்டர் சீட்டின் ஒரு நகலோடு. பெட்டி ஒரு நாள் தாமதமானால் புடவை இல்லாமல் சமாளிக்கலாம், பிரஷர் மாத்திரை இல்லாமல் முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வீல்சேர் கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா? கேளுங்கள். டெர்மினல் 2 பெரியது, உள்ளே நடக்க வேண்டிய தூரம் அதிகம், துபாயில் அதைவிட அதிகம். நிறுவனத்துக்குப் போன் செய்து டிக்கெட்டிலேயே பதிய வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு நாள் முன்னால். மூன்று வகை இருக்கிறது. படி ஏறுவார் ஆனால் நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்., படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்., இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. உங்கள் அம்மாவுக்கு முதல் வகை. மொழி தெரியாது என்பதற்காக மட்டும், நன்றாக நடக்கிற அப்பாவுக்கும் சேர்த்து வீல்சேர் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அது எனக்குப் பிடிக்காது. நிஜமாகவே நடக்க முடியாத ஒரு பாட்டி அங்கே ஆள் வராமல் முக்கால் மணி நேரம் காத்திருப்பார். அம்மாவுக்கு மட்டும் போட்டால் போதும், அப்பா கூடவே நடந்து போகலாம், தள்ளிக்கொண்டு போகிறவர் இருவரையும் சேர்த்தே கூட்டிப்போவார். வலி எதுவும் இல்லை, வழிகாட்ட ஆள் மட்டும் வேண்டும் என்றால் 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்று தனியாக ஒரு சேவை உண்டு, சில நிறுவனங்கள் முதியவர்களுக்கு இலவசமாகச் செய்யும், சில இடங்களில் காசு. அம்மாவிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: வீல்சேர்க்காரர் ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனால் எழுந்து போய்விடக் கூடாது. அவரைத் தேடிக்கொண்டு போய் இருவரும் மாறி மாறித் தொலைவதுதான் நடக்கும்.

வாசலுக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கும் என்பதை அவர்களுக்குக் கதை மாதிரி ஒரு தடவை சொல்லி வைத்தால் பாதி பயம் போய்விடும். கவுன்டரில் பாஸ்போர்ட், விசா பார்ப்பார்கள், அமெரிக்காவில் எந்த முகவரியில் தங்குவீர்கள் என்று கேட்பார்கள், அதை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கையில் வைத்திருக்கட்டும். ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும் இந்தப் பத்திரச் சோதனைக்கு கவுன்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே ஆளுக்கு இரண்டு போர்டிங் பாஸ் தருவார்கள், பெங்களூர்–துபாய் ஒன்று, துபாய்–சான் பிரான்சிஸ்கோ ஒன்று. ஒன்றுதான் வந்தது என்றால் அங்கேயே கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் கட்டும் நீளமான டேக்கில் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் எஸ்.எஃப்.ஓ. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று அப்பா பார்க்கட்டும், அதன் சிறிய துண்டு ஒன்றைப் போர்டிங் பாஸிலோ பாஸ்போர்ட்டிலோ ஒட்டிக் கொடுப்பார்கள், அதைக் கிழித்துவிடக் கூடாது. அப்புறம் இமிகிரேஷன். எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவீர்கள், இவ்வளவுதான் வழக்கமாகக் கேட்பார்கள். முன்பு நிரப்பிய டிபார்ச்சர் கார்டு இந்தியர்களுக்கு 2017 ஜூலையோடு போய்விட்டது, யாராவது படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜி யாத்ரா ஆப் உள்நாட்டுப் பயணத்துக்குத்தான், அதை இறக்கி வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அடிக்கடி வெளிநாடு போகிறவர்களுக்கு, 2025 ஜனவரியில் பெங்களூருக்கும் வந்திருக்கும் வேக இமிகிரேஷன் திட்டத்தில் பதிந்துகொண்டால் வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவில் போகலாம், உங்களுக்கு அது உதவும், அவர்களுக்கு இப்போது தேவையில்லை. பாதுகாப்புச் சோதனையில் பெல்ட், பர்ஸ், போன், சார்ஜர் எல்லாம் தட்டில் வைக்க வேண்டும். அம்மாவின் தாலியைக் கழற்றச் சொல்வார்களா என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். பெண் காவலர் திரைக்குள் வைத்துக் கருவியால் தடவிப் பார்ப்பார், அத்தோடு சரி.

மொழி பற்றி: பெங்களூர் விமான நிலையத்தில் தமிழ் தெரிந்தவர்கள் கவுன்டரிலும் கடையிலும் வீல்சேர் பணியிலும் ஏராளம். வாசலிலும் சோதனையிலும் நிற்கும் மத்தியப் படையினர் மட்டும் பெரும்பாலும் இந்தி பேசுவார்கள், அங்கே காகிதத்தை நீட்டினால் போதும்.

நகையும் பணமும். ஆளுக்கு 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டு கொண்டு போகலாம். டாலர் நோட்டாக ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 வரை, வங்கியிலோ அனுமதி பெற்ற மாற்று நிலையத்திலோ ரசீதோடு வாங்கியது. நிறைய நகை போட்டுக்கொண்டு போவதாக இருந்தால் போகும்போதே கஸ்டம்ஸில் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்க வேண்டும், திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன நகைதான் என்று நிரூபிக்க அதுதான் ஆதாரம். இது விதி. நடைமுறையில் தாலிச் சங்கிலி, இரண்டு வளையல், ஒரு தோடு என்று போகிறவர்களை யாரும் நிறுத்தியதை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது கவுன்டர் பக்கம்தான், கஸ்டம்ஸ் அதிகாரி அன்று என்ன முடிவெடுப்பார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. என் யோசனை, மற்ற நகையை லாக்கரில் வைத்துவிடட்டும், போட்டிருப்பதன் படமும் பில்லும் போனில் இருக்கட்டும்.

துபாயில் இறங்கியதும் மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு, பெங்களூரில் உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டில் அங்கே போய்விடும். அங்கே போர்டிங் அழைப்பை ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள், திரையைப் பார்த்துத்தான் கேட் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும், நம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து விமானத்தை விட்டவர்கள் உண்டு. ஏ, பி, சி என்று பகுதிகள் இருக்கும், சிலவற்றுக்கு உள்ளேயே ரயில் ஏறிப் போக வேண்டும். மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், அப்பாவின் கைக்கடிகாரம் மாறாது, அவர் எதை நம்புவார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அமெரிக்க விமானம் என்பதால் கேட்டிலேயே இன்னொரு தடவை பையைத் திறந்து பார்ப்பதும் கேள்வி கேட்பதும் நடக்கலாம், அதற்காக ஒரு மணி நேரம் முன்னாலேயே கேட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். போர்டிங் பாஸில் நான்கு 'எஸ்' அடித்திருந்தால் கூடுதல் சோதனை என்று அர்த்தம், குற்றம் எதுவும் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், இல்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் முறுக்கு இருந்தால்தான் வம்பு. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அந்த அதிகாரிதான் முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம் வரை தருவார்கள். விசாவில் பத்து வருஷம் இருப்பது வேறு கணக்கு. விசா, தங்கும் காலம் பற்றி இதற்கு மேல் கேட்டால் அது என் துறை இல்லை, ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

விமான நிலையத்தின் வைஃபை இந்திய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யில்தான் வழக்கமாகத் திறக்கும், அதனால் அப்பாவின் சிம்மை மாற்றி அமெரிக்க சிம் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லாதீர்கள், அங்கே வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். போன் தீர்ந்துபோனாலும் உதவும்படி, உங்கள் பெயர், எண், முகவரி, விமான எண்கள், "இவர்களுக்குத் தமிழ் மட்டும் தெரியும், உதவவும்" என்ற ஆங்கில வரி, இதெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாள் இருவரிடமும் ஆளுக்கொன்று இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் கழிவறைக்குப் போனவரிடம்தான் அது இருக்கும்.

டிக்கெட்டில் பெயர் எப்படி விழுந்திருக்கிறது, சர்நேம் கட்டம் காலியா இல்லையா, துபாயில் எத்தனை மணி நேர இடைவெளி, இந்த மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டிக்கெட்டைப் படம் பிடித்து அப்படியே இங்கே போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் ஆறு எழுத்து புக்கிங் எண்ணும் பெயரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் இருக்கையை மாற்றலாம், சில சமயம் டிக்கெட்டையே ரத்து செய்துவிடலாம். ஏற்கெனவே எங்காவது போட்டிருந்தால் முதல் வேலையாக அழித்துவிடுங்கள்.